தான்சானியா: எந்த ஊர் எந்த முகோவாவில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார் எஸ் சலாமுக்கு வேலைக்கென்று வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்விகள் சில உண்டு. வரைபடத்தைப் பார்த்துக் குழம்பி வீட்டிலிருந்தபடி கேட்பவர்களும் உண்டு. வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

தான்சானியாவில் மாநிலங்கள் உண்டா?

இல்லை. இருப்பது 'முகோவா'. நாடு முழுக்க 31 முகோவாக்கள்: பெருநிலத்தில் 26, சான்சிபார் தீவுகளில் 5. முகோவாவுக்குச் சட்டசபை கிடையாது, முதலமைச்சர் கிடையாது. மேலே இருப்பவர் ரீஜினல் கமிஷனர், எல்லோரும் ஆர்.சி. என்கிறார்கள். அவரை ஜனாதிபதி நியமிக்கிறார், நினைத்தால் மாற்றுகிறார். காலையில் வானொலியில் பெயர்ப்பட்டியல் வாசித்தால் மாலைக்குள் இரண்டு மூன்று ஆர்.சி.க்கள் பெட்டி கட்டியிருப்பார்கள். ஆகவே இதை 'மாநிலம்' என்று மொழிபெயர்த்தால் தப்பான படம் மனதில் விழும். பாடப்புத்தகத் தமிழில் 'பிராந்தியம்' என்கிறார்கள், பரவாயில்லை. நான் முகோவா என்றே எழுதுகிறேன்.

உண்மையில் அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இருப்பது 'மு' அல்ல, வெறும் 'ம்'. சொல்லுக்கு முதலில் மெய் வராது என்பது நம் இலக்கணம். அதனால் நம் வாய் தானாக ஒரு உகரத்தையோ இகரத்தையோ சேர்த்துக்கொள்கிறது. முவான்சா, முத்வாரா, இம்பேயா, இஞ்சோம்பே எல்லாம் அப்படி வந்தவைதான். சுவாஹிலிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.

முகோவாவுக்குக் கீழே என்னென்ன அடுக்குகள்?

முகோவாவுக்குக் கீழே 'விலாயா', அதாவது மாவட்டம். பெருநிலத்தில் 139, சான்சிபாரில் 11. அதற்கும் ஜனாதிபதி நியமிக்கும் ஒருவர், டி.சி. (டிஸ்ட்ரிக்ட் கமிஷனர்). பொது அமைதிக்குக் குந்தகம் என்று கருதினால் ஒருவரை 48 மணி நேரம் வரை அடைத்து வைக்கச் சொல்லும் அதிகாரம் ஆர்.சி.க்கும் டி.சி.க்கும் சட்டப்படி உண்டு. இந்த அதிகாரம் கண்டபடி பயன்படுத்தப்படுகிறது என்ற புகாரும் கூடவே உண்டு.

இதுவரை சொன்னது மேலிருந்து கீழே இறங்கும் ஆட்சி. இதன் பக்கத்திலேயே மக்கள் தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சி மன்றங்கள் ஓடுகின்றன. 'ஹல்மஷௌரி' என்பார்கள். மாநகரம், நகராட்சி, சிறுநகரம், கிராமப்புற மாவட்டம் என்று நான்கு வகை. பெருநிலத்தில் மொத்தம் 184. விலாயா 139, மன்றம் 184 என்றால் கணக்கு இடிக்கிறதே என்று தோன்றும். ஒரே விலாயாவில் இரண்டு மூன்று மன்றங்கள் இருக்கலாம் என்பதுதான் காரணம். ஷின்யாங்கா முகோவாவில் உள்ள கஹாமா விலாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். டி.சி. ஒருவர்தான். மன்றங்களோ கஹாமா நகராட்சி, முசலாலா, உஷேட்டு என மூன்று. சரக்குக்கு உரிமம் வாங்கப் போகிறவர் எந்த விலாயா என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, எந்த ஹல்மஷௌரி என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலாயாவுக்குக் கீழே 'தராஃபா'. அரபியில் பக்கம் என்று பொருள்படும் 'தரஃப்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய 'தரப்பு' வந்ததும் அங்கிருந்துதான். பெயர் அழகாக இருக்கிறதே தவிர நமக்கு இந்த அடுக்கில் பெரிதாக வேலை வராது. அப்புறம் 'காட்டா', அதாவது வார்டு. ஒவ்வொரு காட்டாவிலிருந்தும் ஒரு 'திவானி' தேர்ந்தெடுக்கப்பட்டு மன்றத்துக்குப் போகிறார். நம் ஊரில் திவான் என்றால் சமஸ்தானத்தையே ஆண்டவர். இங்கே திவானி என்றால் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

காட்டாவுக்குக் கீழே நாட்டுப்புறமானால் 'கிஜிஜி', அதாவது கிராமம். அதற்குள் 'கிடோங்கோஜி' என்ற குக்கிராமங்கள். நகரமானால் 'முதா'. நேரடிப் பொருள் தெரு என்றாலும் நடைமுறையில் சில ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு குடியிருப்புப் பகுதி.

அந்த முதா அலுவலகத்தில் நமக்கு என்ன வேலை?

நிறைய. ஆர்.சி.யை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் இருந்துவிடலாம், முதா அலுவலகத்தைத் தவிர்க்க முடியாது. வங்கிக் கணக்கு, தேசிய அடையாள அட்டை, ஜாமீன், பள்ளிச் சேர்க்கை, மின் இணைப்பு என்று எதற்குப் போனாலும் "உங்கள் முதாவிலிருந்து கடிதம் கொண்டு வாருங்கள்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். இன்னார் இந்தப் பகுதியில் வசிக்கிறார் என்று சான்று சொல்லும் அறிமுகக் கடிதம் அது.

நான் குடியிருந்த முதாவின் அலுவலகம் ஒற்றை அறை. முன்னால் மூங்கில் கம்பத்தில் வெளுத்துப்போன தேசியக் கொடி. உள்ளே ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஜனாதிபதி படம், மேசைமேல் ஊதா மைத் திண்டும் வட்ட முத்திரையும். அங்கே இரண்டு பேர் முக்கியம். ஒருவர் 'முவேன்யேகிட்டி', ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். சொல்லைப் பிரித்தால் நாற்காலியை உடையவர், நாற்காலிக்காரர்! இன்னொருவர் 'முதெந்தாஜி', சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். கடிதத்தை எழுதுவதும் முத்திரை குத்துவதும் பெரும்பாலும் இவர்தான். முதல் முறை போனபோது வீட்டுக்காரர் பெயர் கேட்டார், சொன்னேன். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டார், விழித்தேன். "பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாதவரை இந்த முதாவில் வசிக்கிறார் என்று நான் எப்படி எழுதுவது?" என்றார். நியாயம்தானே. மறுநாள் அக்கம்பக்கம் நாலு வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனேன், கடிதம் கிடைத்தது.

பழைய ஆட்கள் 'பத்து வீட்டுத் தூதர்' என்றும் ஒருவரைச் சொல்வார்கள். ஒற்றைக் கட்சி ஆட்சிக் காலத்தில் பத்து வீட்டுக்கு ஒருவர் என்று கட்சி வைத்த அமைப்பு அது. பல இடங்களில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பழைய வரைபடத்தில் முகோவாக்கள் குறைவாக இருக்கின்றனவே?

வெட்டிக்கொண்டே வந்தார்கள். 2002-ல் அருஷாவிலிருந்து மன்யாரா பிரிந்தது. 2012-ல் ஒரே வீச்சில் நான்கு: ருக்வாவிலிருந்து கட்டாவி, இரிங்காவிலிருந்து இஞ்சோம்பே, பெரும்பாலும் ஷின்யாங்காவிலிருந்து சிமியு, அப்புறம் முவான்சா, ஷின்யாங்கா, ககேரா மூன்றிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்துக் கெய்ட்டா. 2016-ல் இம்பேயாவின் மேற்குப் பக்கம் சோங்வே ஆனது. ஆக 2012-க்கு முந்தைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் தேடினால் ஐந்து முகோவாக்கள் காணாமல் போயிருக்கும்.

இதில் நடைமுறைத் தொல்லை என்னவென்றால் கோடு மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. தான்சனைட் என்ற நீலக்கல் உலகிலேயே ஒரே ஒரு இடத்தில்தான் கிடைக்கிறது, மெரெரானிக் குன்றுகளில். 1967-ல் கண்டுபிடித்தபோது அது அருஷா. இப்போது மன்யாரா முகோவாவின் சிமன்ஜிரோ விலாயா. கல் கடத்தலைத் தடுக்க 2018-ல் சுரங்கப் பகுதியைச் சுற்றி 24 கி.மீ. நீளத்துக்கு மதிலே எழுப்பிவிட்டார்கள். ஆனாலும் கல் வியாபாரிகள் வாயில் அது இன்னமும் 'அருஷா கல்'தான்.

பெயர் மாறியதும் உண்டு. விக்டோரியா ஏரிக்கு மேற்கே இருந்த முகோவாவின் பழைய பெயர் மேற்கு ஏரி. 1978 அக்டோபரில் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனின் படை ககேரா ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தைப் பிடித்தது. தான்சானியா திருப்பி அடித்து 1979 ஏப்ரலில் கம்பாலா வரை போய்விட்டது. போர் முடிந்த பிறகு முகோவாவுக்கு ககேரா என்றே பெயர் வைத்தார்கள்.

'கிளிமாஞ்சாரோவில் வேலை' என்றால் எந்த ஊருக்குப் போக வேண்டும்?

மோஷி. பல முகோவாக்களுக்குத் தலைமை ஊரின் பெயரே முகோவாவின் பெயர், அவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் பெருநிலத்தில் பத்து முகோவாக்களுக்குப் பெயர் ஆறு, ஏரி, மலை, கடற்கரை என்று எதிலிருந்தோ வந்திருக்கிறது. தலைமை ஊர் வேறு. ககேராவுக்குப் புகோபா. மாராவுக்கு முசோமா. மன்யாராவுக்குப் பபாட்டி. ருக்வாவுக்குச் சும்பவங்கா. ருவுமாவுக்குச் சோங்கேயா. கட்டாவிக்கு முபாண்டா. சிமியுவுக்குப் பரியாடி. சோங்வேக்கு வ்வாவா (இதை உச்சரிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று). புவானிக்குக் கிபாஹா. கிளிமாஞ்சாரோவுக்கு மேலே சொன்ன மோஷி. பேருந்துச் சீட்டில் இருப்பது ஊர்ப் பெயர்தான், முகோவா பெயர் அல்ல. "மாராவுக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

கிளிமாஞ்சாரோ விமான நிலையம் மோஷியிலும் இல்லை, அருஷாவிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஹாய் விலாயாவில் இருக்கிறது.

தலைநகரம் தார் எஸ் சலாமா, டொடோமாவா?

டொடோமா. மாற்ற முடிவெடுத்தது 1973-ல், உண்மையில் மாறியது நேற்றைக்கு என்று சொல்லலாம். கடலோரத்தில் காலனிக்காரர்கள் வளர்த்த துறைமுகம் தலைநகராக இருக்க வேண்டாம், நாட்டின் நடுவில் ஒரு ஊர் இருக்கட்டும் என்பது அன்றைய யோசனை. 1996-ல் நாடாளுமன்றம் போனது. அமைச்சகங்கள் நகரவில்லை. 2016-ல் ஜனாதிபதி மகுஃபுலி "எல்லோரும் கிளம்புங்கள்" என்றார். 2018-ல் டொடோமா மாநகரம் ஆனது, தலைநகரம் என்று சட்டமும் வந்தது. 2024-ல் தார் எஸ் சலாமிலிருந்து மொரோகோரோ வழியாக டொடோமாவுக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதிகாரிகளின் முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியது என்பது என் கணிப்பு.

தார் எஸ் சலாம் இன்றும் நாட்டின் மிகப் பெரிய நகரம்தான். ஊரும் அதுவே, முகோவாவும் அதுவே. இலாலா, கினொண்டோனி, தெமேக்கே, உபுங்கோ, கிகம்போனி என்று ஐந்து விலாயா. 2022 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 17 லட்சம், அதில் 53 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒரு முகோவாவில். பெருநிலத்தில் பரப்பில் மிகச் சிறியதும் இதுதான். பரப்பில் பெரியது டபோரா, சுமார் 76,000 ச.கி.மீ. அங்கே பேருந்தில் போனால் மியோம்போ மரக்காடு முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும்.

லட்சம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சுவாஹிலியிலும் நூறாயிரத்துக்கு 'லாக்கி'தான். இந்தியக் கடைக்காரர்கள் விட்டுச்சென்ற சொல். "லாக்கி மோஜா" என்றால் ஒரு லட்சம். வாடகை பேசும்போது மனக்கணக்குப் போட நமக்கு மற்ற வெளிநாட்டவரைவிட வசதி.

சான்சிபார் தனி நாடா?

தனி நாடும் இல்லை, சாதாரண முகோவாவும் இல்லை. தங்கனீக்கா, அதாவது இன்றைய பெருநிலம், 1961 டிசம்பர் 9-ல் சுதந்திரம் பெற்றது. சான்சிபார் 1963 டிசம்பரில். அங்கே 1964 ஜனவரி 12-ல் புரட்சி வெடித்துச் சுல்தான் ஓடிப்போனார். அதே ஆண்டு ஏப்ரல் 26-ல் இரண்டும் ஒன்றாயின. இரண்டு பெயர்களின் முதல் அசைகளைக் கோத்துத்தான் தான்சானியா என்ற பெயர் பிறந்தது. சான்சிபாருக்குத் தனி ஜனாதிபதி, தனி மக்கள் மன்றம், தனிக் கொடி எல்லாம் உண்டு. அங்குள்ள ஆர்.சி.க்களை நியமிப்பவர் சான்சிபார் ஜனாதிபதி. காட்டா, முதாவுக்கு அங்கே 'ஷெஹியா' என்று பெயர். அதன் தலைவர் 'ஷெஹா' தேர்தலில் நிற்பவர் அல்லர், நியமிக்கப்படுபவர்.

முக்கியத் தீவுகள் இரண்டு. பெரியது உங்குஜா, அதில் மூன்று முகோவா. கிராம்புக்குப் பேர்போன பெம்பாவில் இரண்டு. உங்குஜாவில் நகரம் இருக்கும் முகோவாவின் பெயர் முஜினி மகாரிபி, 'நகர-மேற்கு'. மகாரிபி என்பது அரபு மஃரிப். பொழுது சாயும் நேரத்து மஃரிப் தொழுகை நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் தினமும் புழங்கும் சொல். சூரியன் சாயும் திசைக்கும் அதே பெயர்.

தெற்கே இருக்கும் மாஃபியா தீவு சான்சிபாரைச் சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஜெர்மானியர் காலத்திலேயே அது பெருநிலத்தோடு சேர்ந்துவிட்டது. இன்று புவானி முகோவாவில் ஒரு விலாயா.

நாட்டின் நில அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கடற்கரையிலிருந்து மேற்கே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தென்னையும் அலையாத்திக் காடும் பவளப்பாறையும் உள்ள தாழ்ந்த கரை: டாங்கா, புவானி, தார் எஸ் சலாம், லிண்டி, முத்வாரா. வியர்வை நிற்காத புழுக்கம். இதன் நடுவில் ருஃபிஜி ஆறு பெரிய கழிமுகமாக விரிகிறது. அதே ஆற்றின் மேல்பக்கம் ஜூலியஸ் நியரேரே அணை, 2,115 மெகாவாட்.

கொஞ்சம் உள்ளே போனால் பழைய மலைகள் வளைவாக நிற்கின்றன: உசம்பாரா, உலுகுரு, உட்சுங்வா. மேகம் தட்டி நிற்கும் காடுகள். வீட்டு ஜன்னல்களில் வளர்க்கும் ஆப்பிரிக்கன் வயலட் செடிக்குப் பூர்வீகம் இந்தப் பக்கத்து மலைகள்தான்.

மலை ஏறினால் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். டொடோமா, சிங்கிடா, டபோரா எல்லாம் இங்கே. காய்ந்த பூமி, பாவோபாப் மரங்கள், கால்நடை, சூரியகாந்தி. டொடோமாவில் திராட்சை விளைகிறது என்றால் நம்ப மாட்டீர்கள், விளைகிறது.

இந்த மேட்டுநிலத்தை நிலப்பிளவு இரண்டு கிளைகளாகக் கீறியிருக்கிறது. கிழக்குக் கிளையில் நேட்ரான், மன்யாரா, எயாசி ஏரிகள், எரிமலைகள். ஒல் தோய்ன்யோ லெங்காய் என்ற எரிமலை இன்னும் விழித்திருக்கிறது. மசாய் மொழியில் கடவுளின் மலை என்று பெயர். அதன் குழம்பு வழக்கமான சிவப்புப் பாறைக்குழம்பு அல்ல, சோடா உப்பு நிறைந்தது. கறுப்பாக ஓடி, காற்றுப் பட்டு ஓரிரு நாளில் வெளுத்துப்போகும். மேற்குக் கிளையில் ருக்வாவும் தங்கனீக்கா ஏரியும். தங்கனீக்காவின் ஆழம் 1,470 மீட்டர், உலகில் இரண்டாவது. அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே அறுநூறு மீட்டருக்கும் அதிகமாக இறங்கிக் கிடக்கிறது. இரண்டு கிளைக்கும் நடுவே விக்டோரியா ஏரி அகலத் தாம்பாளம் போல, சுமார் 68,800 ச.கி.மீ. விரிந்தாலும் ஆழம் எண்பது மீட்டர் அளவுதான். ஏறக்குறைய பாதி தான்சானியாவுக்குச் சொந்தம்.

மழையும் இதற்குத் தகுந்தாற்போல் இரண்டு விதம். வடக்கிலும் வடகரையிலும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்: மார்ச்சிலிருந்து மே வரை 'மசிக்கா' என்ற பெருமழை, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை 'வுலி' என்ற சிறுமழை. நடுநாட்டிலும் தெற்கிலும் மேற்கிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம். காற்றுக்கும் பெயர் உண்டு. வடகிழக்கிலிருந்து வீசுவது கஸ்காசி, தெற்கிலிருந்து வீசுவது கூசி. அந்தக் காலப் பாய்மரக் கப்பல்கள் கஸ்காசியில் இந்தியக் கரையிலிருந்து இங்கே வந்து, கூசியில் திரும்பின. இன்றும் திசைப்பெயர்கள் இவைதான்: வடக்கு கஸ்காசினி, தெற்கு கூசினி.

கிளிமாஞ்சாரோ கென்யாவில் இல்லையா? எல்லைக்கோடு அங்கே மட்டும் ஏன் வளைகிறது?

5,895 மீட்டர் மலை முழுக்க தான்சானியாவில்தான் இருக்கிறது. கென்யாவிலிருந்து படம் எடுத்தால் அழகாக விழும், அதனால் வந்த குழப்பம். விக்டோரியா ஏரியிலிருந்து கடல் வரை ஸ்கேல் வைத்து இழுத்த எல்லைக்கோடு, இந்த மலையிடம் வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிப் போகிறது. விக்டோரியா ராணி தன் பேரனான ஜெர்மன் பேரரசர் கெய்சருக்குப் பிறந்தநாள் பரிசாக மலையைக் கொடுத்தார் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கதைதான். கோடு 1886-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்த பேரத்தில் போட்டது. பேரன் கெய்சர் ஆனது 1888-ல்.

செரெங்கெட்டி எந்த முகோவா?

ஒன்றல்ல. பூங்கா மாரா, சிமியு, அருஷா முகோவாக்களில் பரந்து கிடக்கிறது, 14,763 ச.கி.மீ. இதில் ஒரு பொறி உண்டு. மாரா முகோவாவில் செரெங்கெட்டி என்ற பெயரில் ஒரு விலாயாவும் இருக்கிறது. அது வேறு, பூங்கா வேறு. அதேபோல் இங்கொரொங்கோரோ என்பது எரிமலை வாய்க்கும் பெயர், காப்பகத்துக்கும் பெயர், அருஷாவில் ஒரு விலாயாவுக்கும் பெயர். விடுதி முன்பதிவு செய்யும்போது எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராமங்கள் ஏன் சாலையோரத்தில் வரிசை பிடித்தாற்போல் இருக்கின்றன?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கவனிப்பதில்லை. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், நடுநாட்டில் பல ஊர்களில் வீடுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். 1967-ல் அருஷா பிரகடனத்தோடு அன்றைய ஜனாதிபதி நியரேரே 'உஜமா' என்ற குடும்பப் பொதுவுடைமையைக் கொள்கையாக அறிவித்தார். அதுவரை மக்கள் அவரவர் வயலோரத்தில் சிதறி வாழ்ந்தார்கள். பள்ளி, கிணறு, மருந்தகம் கொடுக்க வேண்டுமானால் ஓரிடத்தில் கூட வேண்டும் என்பது வாதம். முதலில் விருப்பமிருந்தால் வாருங்கள் என்றார்கள், பலர் வரவில்லை. 1973-லிருந்து கட்டாயப்படுத்தினார்கள். லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள், சில இடங்களில் பழைய வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாதென்று அதை எரித்தார்கள். சில ஆண்டுகளில் பல பத்து லட்சம் பேர் இடம் மாறினார்கள். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் மணிக்கணக்கில் நடை, விளைச்சல் சரிவு, கூட்டுப்பண்ணை தோல்வி. அதே சமயம் அந்த ஆண்டுகளில்தான் பள்ளிக்கூடமும் எழுத்தறிவும் பரவின. வயதானவர்களிடம் கேட்டால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

கூட்டுப்பண்ணை போய்விட்டது, கிராமம் சட்டப்பூர்வமான அலகாக நின்றுவிட்டது. 1975 சட்டம் கிராமத்தைப் பதிவு பெற்ற அமைப்பாக்கியது. இன்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கிராமங்கள். பதினெட்டு வயதான எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்தில் 15 முதல் 25 பேர். 1999 நிலச் சட்டப்படி கிராம நிலத்தை நிர்வகிப்பது அந்த மன்றம்தான். நிலம் எல்லாமே மக்களுக்காக ஜனாதிபதியின் பொறுப்பில் இருக்கிறது. யாரும் 'விற்கிறேன்' என்று வந்தால் விற்பது உபயோக உரிமையை மட்டுமே. வெளிநாட்டவர் கிராம நிலத்தை நேரடியாக வாங்க முடியாது. யாரோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னால் காசை எண்ணி வைக்காதீர்கள்.

எத்தனை நாடுகள் எல்லையைத் தொடுகின்றன?

எட்டு: கென்யா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி, காங்கோ, சாம்பியா, மலாவி, மொசாம்பிக். காங்கோவுடன் தரையெல்லை இல்லை, தங்கனீக்கா ஏரிதான் எல்லை. மலாவியுடன் ஒரு பழைய வழக்கு ஓடுகிறது. நியாசா ஏரியின் நடுவில்தான் எல்லை என்கிறது தான்சானியா. 1890 ஒப்பந்தப்படி தான்சானியாவின் கரையே எல்லை, தண்ணீர் முழுக்க எங்களுடையது என்கிறது மலாவி. ஏரியின் பெயரிலேயே சண்டை தெரியும், அவர்கள் அதை மலாவி ஏரி என்பார்கள். மீன் பிடிப்பவர்கள் இரண்டு பெயரையும் கண்டுகொள்வதில்லை.

பேருந்துச் சீட்டில் '12' என்று எழுதியிருக்கிறது. நண்பகலா?

இல்லை, விடியற்காலை ஆறு! என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் இரிங்காவுக்குச் சீட்டு வாங்கினான். கையால் எழுதிய சீட்டில் 'சா 12 அசுபுஹி'. சா என்றால் மணி என்று தெரியும். நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுப் பதினொன்றரைக்கு நிலையத்துக்குப் போனான். பேருந்து மொரோகோரோவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சுவாஹிலிக் கடிகாரம் பொழுது விடிவதிலிருந்து ஓடும். காலை ஏழு 'சா மோஜா', ஒன்றாம் மணி. நண்பகல் ஆறாம் மணி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறுக்கே உதிப்பதால் இந்தக் கணக்கு இங்கே பொருந்துகிறது. ஜாதகத்தில் உதயாதி நாழிகை பார்ப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. 'அசுபுஹி' என்றால் காலை. கைபேசியில் தெரியும் மணியோடு ஆறு கூட்டவோ கழிக்கவோ செய்துகொள்ளுங்கள். நெடுந்தூரப் பேருந்துகள் இரவில் ஓடக் கூடாது என்ற தடை பல ஆண்டுகள் இருந்தது, 2023-ல் நீக்கினார்கள். விடியலில் கிளம்பும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முந்திரி வாங்க எந்தப் பக்கம் போக வேண்டும்?

தெற்கே: முத்வாரா, லிண்டி, அடுத்து ருவுமாவின் துண்டுரு விலாயா, புவானியின் தென்பகுதி. அக்டோபரிலிருந்து சீசன். விவசாயி வீட்டு வாசலில் போய் நேரடியாக வாங்கலாம் என்று நினைத்து வராதீர்கள். கொட்டை கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கிடங்குக்குப் போய், கிடங்கு ரசீதின் பேரில் ஏலத்தில் விற்கும் முறை 2007-லிருந்து இருக்கிறது. நம்மவர்கள் ஏலத்தில் எடுத்தது முத்வாரா துறைமுகத்தில் மூட்டையாக ஏறி, தூத்துக்குடியிலும் கொச்சியிலும் இறங்குகிறது. தோல் உரிப்பது நம் பக்கத்தில்தான். கொட்டை விளைந்த ஊரில் வறுத்த பருப்பு ஏன் இவ்வளவு விலை என்று முத்வாராக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தான்சானியாவுக்குக் கடிதம் அனுப்ப முகவரி எப்படி எழுதுவது?

வீட்டு எண், தெரு என்று எழுதிப் பழகிய கைக்கு இது விநோதமாக இருக்கும். தபால்காரர் வீடு தேடி வரும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. பெயர், அடுத்த வரியில் 'எஸ்.எல்.பி.' என்று போட்டுத் தபால் பெட்டி எண், அதற்கடுத்து ஊர், கடைசியில் நாடு. அவ்வளவுதான். எழுத வேண்டியது தபால் நிலையம் இருக்கும் ஊர், முகோவா அல்ல. ககேராவில் இருக்கும் பள்ளிக்கு எழுதினாலும் உறையில் புகோபா என்றுதான் போக வேண்டும். பெட்டி பெரும்பாலும் அலுவலகத்துடையதோ பள்ளியுடையதோ தேவாலயத்துடையதோவாக இருக்கும், ஆளுக்கு ஒன்று கிடையாது. அதனால் பெட்டி எண்ணுக்கு மேலே 'இன்னார் பொறுப்பில்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் யார் மேசையிலாவது மாதக்கணக்கில் கிடக்கும். கூரியர் என்றால் கைபேசி எண் கட்டாயம். பையன் பைக்கில் வந்து, "நான் பெரிய மாமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன், நீங்கள் எங்கே?" என்று கேட்பான்.